கொடியேற்றத்துக்கு நீ வராத வருஷம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி மட்டும்.

ஆகஸ்ட் 29 நம் வேளாங்கண்ணி மாதா கோவிலில் கொடி ஏறியாச்சு. லீவு இல்லை என்றாய், சரி. போன வருஷமும் அதையேதான் சொன்னாய். மெட்ராஸிலிருந்து காவி கட்டிக்கொண்டு நடந்தே வருகிறவர்களுக்கு எப்படியோ லீவு கிடைக்கிறது. கோபத்தில் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'பையன் இன்ஜினியர்' என்று அம்மா சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள், நானும் தடுப்பதில்லை.

எதில் வந்தாலும் இரவு பஸ்ஸில் மட்டும் வராதே.

சித்தி உன்னைப் பெசன்ட் நகர் மாதா கோவிலில் பார்த்தாளாம். அதற்கு மேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடையில் மெழுகுவர்த்தியைவிடத் தொட்டில்தான் அதிகம் போகிறது. நேற்று ஒரு பெண், நெற்றி நிறையக் குங்குமம், தொட்டில் கயிறு கெட்டிதானா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்கினாள். புருஷன் கழுத்தில் ஜெபமாலை. மாதா காட்சி கொடுத்த நடுத்திட்டுக்கு வழி அவளுக்குத்தான் தெரிந்திருந்தது, அவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். நல்ல ஜோடி.

அந்த நடுத்திட்டில் கால் ஊனமான பையனிடம் மாதா கேட்டது மோர்தானே, ஞானஸ்நானச் சான்றிதழா கேட்டார்கள்? இதைச் சாமியாரிடம் சொன்னால் சிரிப்பார். உன் பெரியப்பாவிடம் சொல்ல முடியாது. 1771-இல் தனிப் பங்கானது, 1962-இல் 23-ஆம் யோவான் பாப்பரசர் பசிலிக்காவாக உயர்த்தியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். புயலில் தப்பிய போர்ச்சுகீசியர் கொடுத்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் இருப்பதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். மாதா உடுத்தியிருப்பது சேலை என்பது மட்டும் அவர் கண்ணில் படாது.

ஆனால் அவரையும் குறை சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 உனக்கு ஞாபகம் இருக்கும். கடற்கரைக் கடைகள் மொத்தமும் போச்சு, கோவிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த ஜனங்களைக் குழி வெட்டி ஒன்றாகப் புதைத்தோம். எந்த ஊர், என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பாவும்தான் என் பக்கத்தில் மண்வெட்டி பிடித்தார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. போனில் அம்மா கேட்டால் 'ம்' 'ம்' என்று மட்டும் சொல்லாதே, அவள் ராத்திரி பூராவும் அதையே பேசுகிறாள்.

தேர் பார்க்கவாவது வா. நாகப்பட்டினம் வரை ரயிலில் வந்துவிடு, நான் வண்டியோடு நிற்கிறேன். இரவு பஸ் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க நடைப்பயணக் கூட்டம், டிரைவர்களுக்கும் தூக்கம்.

செப்டம்பர் 8 வரை எந்த லாட்ஜிலும் ரூம் கிடைக்காது. நம் மாடி அறையில் மெழுகுப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறேன், ஒருத்தர் படுக்கத்தான் இடம் இருக்கிறது. இரண்டு பேர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடு, பெட்டிகளை இறக்க ஆள் பார்க்கணும்.

அப்பா