லிசியூவிலிருந்து அப்பாவுக்கு

லிசியூ, பிரான்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தே காலத்தை ஓட்டாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பணம் அனுப்பியிருக்கிறேன்.

இங்கே ஓயாத மழை. நம் ஊர் மழைபோல் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை. நாள் முழுக்க நசநசவென்று தூறுகிறது. முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை பழகிவிட்டது. பாரிஸிலிருந்து நம்மவர்கள் சிறுமலர் தெரசாள் கோயிலுக்குப் பஸ் பிடித்து வருவதுண்டு. அன்றைக்கு மட்டும் தெருவில் தமிழ் கேட்கும்.

இந்தக் கடிதம் உங்களுக்கென்றே எழுதுவது. சென்ற ஞாயிறு, கூட வேலை பார்ப்பவர் ஒருவர் பக்கத்துக் கிராமமான சேன் ழெர்மேன் த லிவேக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு பழைய ஜமீன் வீடு இருக்கிறது. சுற்றிலும் அகழி, வாசலில் கோபுரங்கள். உள்ளே நுழைந்ததும் நீங்கள் உடன் இல்லையே என்றுதான் தோன்றியது. வீட்டின் ஒரு பகுதி முழுக்க மரவேலை!

அந்தப் பகுதி 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஓக் மரத் தூண்களை நெருக்கமாக நிறுத்தி, குறுக்கு மரம் கோத்துச் சட்டம்போல் கட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இடைவெளிகளை மண்ணும் வைக்கோலும் பிசைந்து அடைப்பது வழக்கம். பாரம் முழுவதையும் சட்டமே தாங்குகிறது. சுவர் சும்மா அடைப்புதான். கிட்டப் போய்ப் பார்த்தேன். மரத்தின் நுனியில் செதுக்கிய ஒவ்வொரு கழுந்தும் துளைக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதன் குறுக்கே மர ஆப்பு. ஆப்பின் தலை தூணைவிட்டுச் சற்றே துருத்தி நிற்கிறது, செதுக்கிச் சமன் செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள். ஆனால் ஓக்கை ஈரமாக இருக்கும்போதே அறுத்துக் கோத்துவிடுவார்களாம். மரம் காயக் காய மூட்டு இறுகுமாம். ஆப்பை இன்னும் உள்ளே தட்ட வேண்டியிருந்தால் அந்தத் தலை உதவுமே என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

மற்றொரு பகுதியை தூர்னபூ என்ற பிரபுக் குடும்பம் 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டியது. அதில் வெள்ளைக் கல்லையும் மெருகேற்றிய செங்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சுவரையே சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்கள். அந்தச் செங்கல் பக்கத்திலுள்ள ப்ரே தோழ் ஊர்ச் சூளைகளில் சுட்டது. பச்சை மெருகு ஒரே மாதிரி இல்லை. மழை பட்டதும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சையாக மினுங்கியது.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் 1562 முதல் 1598 வரை வெட்டிக்கொண்டு செத்த காலம் அது. அகழியும் கோபுரமும் கொள்ளைக் கூட்டத்தைத் தடுத்திருக்கும். பீரங்கி வந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பயத்தைவிடப் பெருமைக்காகவே கட்டியிருப்பார்கள் என்பது என் கணக்கு. பயந்தவன் முற்றத்தில் இத்தாலிய பாணியில் வளைவுத் தாழ்வாரம் கட்டிக்கொண்டிருப்பானா? காவலர் கூடத்துச் சுவரிலும் ஓவியங்கள். விவிலியத்து யூதித்து எதிரித் தளபதியின் தலையை வெட்டிய கதையும் அதில் இருக்கிறது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் உண்டு. இந்த வீட்டைக் கடைசியாக வைத்திருந்து லிசியூ நகரத்துக்குக் கொடுத்தது ரீசனர் குடும்பம். அந்த வம்சத்து ஓவியர் லியோன் ரீசனரின் படங்கள் உள்ளே மாட்டியிருக்கின்றன. அவருடைய தாத்தா ழான் ஆன்ரி ரீசனர் நம் தச்சுத் தொழில்காரர்! 1734இல் ஜெர்மனியில் பிறந்து, பாரிஸுக்குப் பிழைக்க வந்து, இன்னொரு ஜெர்மானியரின் பட்டறையில் சேர்ந்தவர். முதலாளி இறந்ததும் பட்டறையை ஏற்று நடத்தி, அவருடைய மனைவியையே மணந்துகொண்டார். முதலாளி தொடங்கி வைத்த பதினைந்தாம் லூயியின் எழுதுமேசையை 1769இல் முடித்துக் கொடுத்ததும் அவர்தான். பிறகு ராணி மரீ அந்துவானெத்துக்கும் சாமான்கள் செய்தார். புரட்சி வந்து அரண்மனைச் சாமான்களை ஏலம் விட்டபோது, தன் கையால் செய்தவற்றையே விலை கொடுத்து வாங்கினாராம். அதற்குள் நாகரிகம் மாறிவிட்டது, வாங்கியவற்றை விற்க முடியவில்லை. கூலி பாக்கி வைத்த வீட்டுக்காரர்களைப் பற்றி நீங்கள் சொல்லும் கதைகள் ஞாபகத்துக்கு வந்தன.

லிசியூவிலும் இப்படி மரவீடுகள் தெருத்தெருவாக இருந்தனவாம். 1944 ஜூனில் குண்டு போட்டதில் பெரும்பாலானவை எரிந்து போயின. இப்போது ஊர் நடுவில் பார்ப்பதெல்லாம் போருக்குப் பின் எழுப்பிய கட்டடங்கள். நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் நின்று பார்க்கத் தோன்றுவதில்லை.

ஒரு சந்தேகம். கழுந்தில் போடும் துளையை வேண்டுமென்றே ஒரு நூல் அளவு தள்ளிப் போட்டால், ஆப்பு இறங்கும்போது மூட்டு இழுபட்டு இறுகும் என்று இங்கே சொல்கிறார்கள். தேக்கில் நீங்களும் அப்படிச் செய்வதுண்டா, இல்லை கழுந்து பிளந்துவிடுமா? தம்பியிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். படங்களை அவன் போனுக்கு அனுப்புகிறேன். ஆப்புத் தலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உங்கள் அன்பு மகன்