பேரனுக்குப் பால் பழக்குகிறோம்

கோத்தகிரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே உறைபனி முடிந்து வெயில் ஏறுகிறது, பச்சைத் தேயிலை விலைதான் ஏறக் காணோம். மற்றதெல்லாம் அப்புறம். உன் தம்பி மகளின் குழந்தைக்கும் பால் அலர்ஜி என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு எனக்கு வேறெதிலும் மனம் போகவில்லை. நன்றாகக் காய்ச்சிய பாலைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிப் பழக்கிவிடலாமா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்களாம். வேண்டவே வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடு.

எங்கள் பேரனுக்கு ஏழு மாதத்தில் ஒரு வாய் தயிர்சாதம் ஊட்டியதுமே உதட்டைச் சுற்றித் தடித்து, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. ஆட்டுப்பால் கொடு என்றார்கள். தோடர் பழங்குடிக் குடியிருப்பான மந்திலிருந்து எருமைப்பால் வாங்கித் தருகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் அன்போடு முன்வந்தார். ஆனால் இவற்றின் புரதமும் பசும்பால் புரதமும் ஏறக்குறைய ஒரே ஜாடை. ஒன்று சேராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மற்றதும் சேராது. எருமைப்பாலைப் போற்றும் இந்த மலையில் வேண்டாம் என்று சொல்லி அனுப்பச் சங்கடமாகத்தான் இருந்தது.

இப்போது பேரனுக்கு இரண்டரை வயது. இரத்தப் பரிசோதனையில் அலர்ஜி அளவு இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் டாக்டர் "பிஸ்கட்டில் தொடங்கலாம்" என்றார். நன்றாக வெந்த பாலில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கும் இதைப் பால் ஏணி என்கிறார்கள். பிரிட்டனில் 2013-இல் 12 படிகளாக வகுத்து, பிறகு ஆறாகச் சுருக்கியது: பிஸ்கட், மஃபின், பான்கேக், சீஸ், தயிர், கடைசியில் பால்.

காய்ச்சிய பாலும் பிஸ்கட்டுக்குள் வெந்த பாலும் ஒன்றில்லை. பாலில் இரண்டு வகைப் புரதம் உண்டு. மோர்ப்புரதம் சுருட்டி வைத்த நூல்கண்டு மாதிரி. நல்ல சூட்டில் பிரிந்துபோவதால் உடம்புக்கு அதை அடையாளம் தெரிவதில்லை. இன்னொன்றான கேசீன் அப்படி லேசில் மசியாது. ஆனால் கோதுமை மாவோடு சேர்ந்து வேகும்போது புரதம் மாவில் பிணைந்துகொள்கிறது, வீரியம் தணிகிறது. அடுப்பில் வைத்த பாலுக்கு இந்தச் சூடும் கிடையாது, மாவும் கிடையாது. அதிலும் நம் கோத்தகிரி உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

நியூயார்க்கில் நூறு பிள்ளைகளுக்கு இப்படி வெந்த பாலைக் கொடுத்துப் பார்த்து 2008-இல் எழுதியிருக்கிறார்கள். 68 பேருக்கு அது ஒத்துக்கொண்டது, ஆனால் சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. 9 பேருக்கு அலர்ஜியே விட்டுப்போயிருந்தது. மீதி 23 பேருக்கு வெந்த பாலே சேரவில்லை. அந்த 23-ஐ நினைத்துத்தான் எங்கள் டாக்டர் முதல் பிஸ்கட்டை ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கச் சொன்னார். அந்த ஏணியே முதலில் மணிக்கணக்கில் தாமதித்து வயிற்றுக் கோளாறாக வரும் அலர்ஜி வகைக்காக எழுதியது. சாப்பிட்ட உடனே தடிப்பு வரும் பிள்ளைக்கு வீட்டில் நாமாகத் தொடங்கக்கூடாது. மூச்சு இளைப்பு (ஆஸ்துமா) இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் கவனம். மலையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்கவே எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும்.

செய்முறை கேட்டாய். 125 கிராம் மைதாவுக்கு ஒரு தட்டை டீஸ்பூன் பால் பவுடர், கத்தி முதுகால் வழித்த அளவு. இரண்டையும் சேர்த்து மூன்று தரம் சலிக்கிறேன், ஒரு பிஸ்கட்டில் பவுடர் கூடி இன்னொன்றில் குறைந்துவிடக்கூடாது பார். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். இங்கே குளிரில் அது பாட்டிலிலேயே வெள்ளையாக உறைந்து கிடக்கும். சூடு பண்ணாமல் கரண்டியால் சுரண்டி மாவில் விரல்நுனியால் தேய்த்தால் ரவை மாதிரி உதிரும். பொடித்த நாட்டுச் சர்க்கரை, மசித்த வாழைப்பழம் கொஞ்சம். ஒரே கனத்தில் தேய்த்து வெட்டி, 180 டிகிரியில் ஓரம் சிவக்கும்வரை வைத்து, ஒன்றை உடைத்து நடுவில் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் டப்பாவில் போடுகிறேன். கேழ்வரகில் செய்யலாமே என்று மகள் கேட்டாள். கோதுமையை மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது மஃபினுக்கு வந்திருக்கிறோம். மலையில் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் குப்பென்று எழும்பி நடுவில் அமுங்கி மாவாகவே நிற்கும். நமக்கு அது ருசிக்குறைவு, அவனுக்கு வேகாத பால். குச்சி விட்டுப் பார்க்காமல் ஒரு துண்டுகூடக் கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் அன்று நிறுத்தம். தடிப்பு தெரிந்தால் டாக்டருக்குப் போன் செய்துவிட்டு ஒரு படி இறங்க வேண்டும். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவசர மருந்து சமையலறை அலமாரியில் கை எட்டும் இடத்திலேயே இருக்கிறது.

ஓவனைவிடக் கஷ்டம் ஊரார் அன்புதான். மஃபின் தின்கிறானே, ஒரு வர்க்கி தின்றால் என்ன, வீட்டுச் சாக்லெட் ஒன்று தின்றால் என்ன என்று கையில் வைத்துவிடுகிறார்கள். வெந்த பால் ஒத்துக்கொண்டதென்றால் சாக்லெட் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. இதை நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொல்கிறேன், இன்னும் சொல்வேன். பாக்கெட் பண்டம் என்றால் பால் இருந்தால் அதை அட்டையில் அச்சடித்திருக்க வேண்டும் என்பது சட்டம்; தட்டில் நீட்டுவதற்கு யார் எழுதி வைப்பார்கள்?

உன் தம்பி மகளிடம் ஒன்று கேட்டு எழுது: குழந்தைக்குத் தடிப்பு உடனே வந்ததா, நேரம் கழித்து வந்ததா? மருத்துவரும் அதைத்தான் முதலில் கேட்பார். அவள் தயங்கினால் என் நம்பரைக் கொடு. ராத்திரி எந்நேரமானாலும் பேசுகிறேன்.

உன்,
கோத்தகிரிக்காரி