நம் கடைத் தண்ணீரைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் டோபிக் கடையின் பின்சந்தில் இருக்கும் தொட்டியை யாரோ படம் எடுத்து, அது இரண்டு வாரமாகப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாம்பல் நிறத் தண்ணீர், மேலே நுரை, நுரையில் ஒட்டிய பஞ்சு. "இந்தச் சாக்கடைத் தண்ணீரில்தான் உங்கள் துணியைத் துவைக்கிறார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறது. படத்தில் இருப்பது நம் தொட்டிதான், அதை மறுக்கவில்லை. எழுதியிருப்பது பொய்.

அது துணி துவைத்து வெளியே வந்த தண்ணீர். அதைச் சுத்தம் செய்து மறுபடி துவைக்க எடுப்பதற்கு முன் அங்கே தேங்கி நிற்கிறது. அரிசி கழுவிய தண்ணீரைப் படம் எடுத்து, இதைத்தான் இந்த வீட்டில் குடிக்கிறார்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

'சாக்கடை' என்ற அந்த ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கடையின் கழிவறைக் குழாய் தனி. அது நேராகப் பொதுக் கழிவுக் குழாய்க்குப் போய்விடுகிறது. துவைக்கும் இயந்திரங்களின் தண்ணீர் வேறு குழாயில் தொட்டிக்கு வருகிறது. இரண்டும் எங்கேயும் சேரவில்லை. குழாய் போட்ட நான்கு நாளும் நான் பக்கத்திலேயே நின்றேன். மழைத் தண்ணீரும் உள்ளே வராது. தொட்டிக்கு வருவதெல்லாம் உங்கள் துணியில் இருந்த வியர்வை, மண், எண்ணெய், சோப்பு, கல்யாண வேட்டியின் மஞ்சள், அவ்வளவுதான். என் தாத்தா பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம், தோபி காட் என்ற சலவைத் துறையில், கல்லில் அடித்துத் துவைத்தவர். ஆறு கலங்கி வந்தால், தெளியும் வரை துணியைத் தொடாமல் கரையிலேயே உட்கார்ந்திருப்பாராம். அவர் பேரன் சாக்கடையில் துவைக்கிறான் என்று எழுதினால் மனசு கேட்குமா?

சரி, அந்தத் தண்ணீருக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் சல்லடையில் பஞ்சும் நூலும் நின்றுவிடும். தினமும் சாயங்காலம் அதை வழித்தால் ஒரு தலையணைக்கு நிரப்புகிற அளவு இருக்கும். அப்புறம் தண்ணீர் சவ்வு வடிகட்டிக்குப் போகிறது. சவ்வு என்றால் தாள் மாதிரி நினைக்க வேண்டாம். இடியப்பம் போல வெள்ளை வெள்ளையாக ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் உள்ளே பொள்ளல். இழையின் சுவரில் இருக்கும் துளை 0.03 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான், கிருமிகளில் பாக்டீரியா பெரும்பாலும் அரை மைக்ரானுக்கு மேல். பம்பு அழுத்தும்போது தண்ணீர் மட்டும் சுவர் வழியாக உள்ளே போகிறது, அழுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அரை மணிக்கு ஒருமுறை இயந்திரமே தண்ணீரைத் திருப்பி அடித்து இழையைக் கழுவிக்கொள்ளும்.

கரைந்த உப்பும் சோப்பும் இந்தத் துளையில் நிற்காது. அதற்கு இன்னொரு சவ்வு இருக்கிறது, நீங்கள் வீட்டில் வைத்திருக்கும் ஆர்.ஓ. வடிகட்டியின் அண்ணன். அந்தச் சவ்வு வந்த கதையிலும் நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1960 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் சவ்வைச் செய்து காட்டியவர்கள் சிட்னி லோப், சௌரிராஜன் என்ற இருவர். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர் அது. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு.

முதல் சவ்வில் வடிந்த தண்ணீரை முதல் துவைப்புக்கு விடுகிறோம். ஆர்.ஓ. தண்ணீர் முதல் அலசலுக்கு. கடைசி அலசல் என்றைக்கும் பைப்புத் தண்ணீர்தான், அதில் மாற்றமே இல்லை. சிங்கப்பூரில் 2003 முதல் கழிவுநீரையே சவ்வு வைத்துச் சுத்தம் செய்து, நியூவாட்டர் என்று தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். வறட்சி வந்தால் அணைக்கட்டுத் தண்ணீரோடும் கலக்கிறார்கள். அப்போது அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்கள் அந்தக் கலந்த தண்ணீரைத்தான், மறுபடி சுத்திகரித்த பிறகு, குடிக்கிறார்கள். நாம் துணி துவைக்க மட்டும்தான் வைத்திருக்கிறோம்.

இத்தனை செலவு எதற்கு என்றும் சிலர் கேட்டார்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது தீவில் பல இடங்களில் தண்ணீர் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கடையை மூடினோம். ஒரு பெரியம்மா பேரன் காதுகுத்துக்குப் பட்டுப் பாவாடையைக் கேட்டு வந்து, ஈரத் துணியாகவே வாங்கிப் போனார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பினாங்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு சுங்கை மூடா என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறும் பக்கத்து மாநிலமான கெடாவிலிருந்து வருகிறது. இப்போது நூறு லிட்டர் அழுக்குத் தண்ணீரில் எழுபது லிட்டர் நமக்கே திரும்பி வருகிறது. குழாயில் தண்ணீர் குறைந்தாலும் உங்கள் துணி நிற்காது.

துணியில் பழைய வாசனை இல்லை என்று நிறையப் பேர் சொன்னீர்கள். அதுவும் சவ்வினால்தான். வாசனைக்குப் போடும் துணி மென்மையாக்கி இழையில் பிசின் மாதிரி ஒட்டித் துளையை அடைத்துவிடும். அதனால் அதை நிறுத்திவிட்டோம். வாசனை இல்லாததைப் பார்த்துத்தான் தண்ணீரின் மேல் சந்தேகம் வந்தது என்று நினைக்கிறேன். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு, மன்னியுங்கள்.

படம் சுற்றிய அன்றும் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியிலிருந்து இரண்டு மூட்டை துணியோடு வந்து, ஒன்றுமே கேட்காமல் வைத்துவிட்டுப் போன அக்காவுக்கும், குழுவில் எனக்காகப் பேசிய அண்ணன்களுக்கும், அப்பா காலத்திலிருந்து வரும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் என் நன்றி. நீங்கள் இல்லாமல் இந்தக் கடை இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆகிவிட்டதாலும் சவ்வுக் கடனாலும் அடுத்த மாதம் முதல் கிலோவுக்கு 70 காசு கூடுகிறது. ஜூனில் சவ்வின் ஓர் இழை அறுந்த இரண்டு நாளில் மங்கிப்போன வெள்ளைத் துணி யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், காசு வாங்காமல் துவைத்துத் தருகிறோம்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிப் போத்தல் வைத்திருக்கிறேன். ஒன்றில் அந்தப் படத்தில் பார்த்த தொட்டித் தண்ணீர், இன்னொன்றில் சவ்வைத் தாண்டிய தண்ணீர். தினமும் காலையில் புதிதாக நிரப்புகிறோம். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பின்சந்துக் கதவும் புதன்கிழமை மூன்று மணிக்குத் திறந்திருக்கும். அன்றைக்குத்தான் சவ்வை மருந்து போட்டுக் கழுவுகிறோம். வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் டோபிக் கடைக்காரர்
ஆயர் ஈத்தாம், பினாங்கு