பாட்டுக்காக நாள் எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறோம்

நாகர்கோவில்,
11.02.2023

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், இசை ஆல்பங்களின் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, பாட்டு தானாக வந்து விழுகிறது, இனி யாரும் எந்தப் பாட்டுக்கும் நாள் எண்ணிக் காத்திருக்கப் போவதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதை நான் வாசித்தபோது எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் மூன்று தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. பிப்ரவரி 10, மார்ச் 31, ஏப்ரல் 28. மூன்றுமே ஆல்பம் வெளியாகும் நாட்கள். முதலாவதும் கடைசியும் நான் போட்ட வட்டங்கள். நடுவில் இருப்பது பிளஸ் டூ படிக்கும் என் மகள் போட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் செவிலியர். 2002 முதல் 2014 வரை அயர்லாந்தில், டப்ளின் நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். இண்டி ராக் என்ற இசை எனக்கு அங்கேதான் அறிமுகமானது. பெரிய கம்பெனிகளைச் சாராமல், லேபிள் என்று சொல்லும் சின்னச் சின்ன இசை வெளியீட்டு நிறுவனங்கள் வழியாகவோ சொந்தமாகவோ பாட்டு வெளியிடும் கிட்டார் குழுக்களின் இசை என்று சுருக்கமாகச் சொல்லலாம். எனக்கு அதைக் காட்டித் தந்தவர் எங்கள் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலையில் இருந்த ஒரு ஐரிஷ்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரை நான் மனதுக்குள் அண்ணன் என்றுதான் நினைத்துக்கொள்வேன், கடிதத்திலும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தகவல் பிழை. வெள்ளிக்கிழமைதோறும் புது ஆல்பம் வருவது ஆதிகாலத்து வழக்கம் என்பது போலக் கட்டுரையில் இருக்கிறது. உலகம் முழுக்க வெள்ளி என்று ஆனது 2015 ஜூலை 10-ல் இருந்துதான். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய். ஒரே ஆல்பம் ஒரே வாரத்தில் ஊருக்கு ஒரு கிழமையாக வந்துகொண்டிருந்தது. அயர்லாந்தில் அப்போதே வெள்ளிதான். அதனால் எனக்கு வெள்ளிக்கிழமை என்றால் இன்றைக்கும் டப்ளினின் ஃபேட் தெருதான் ஞாபகம் வரும். அங்கே ரோட் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு சின்னக் கடை இருந்தது. பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அடுத்து என்ன வருகிறது என்று அங்கே கேட்டால் போதும், பேச்சு அரைமணி நேரத்துக்கு ஓடும். 2010-ல் அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.

2004 இலையுதிர்காலத்தில் அங்கே எல்லார் வாயிலும் ஒரே பெயர்தான். கனடாவின் மான்ட்ரியால் நகரத்துக் குழுவான ஆர்கேட் ஃபயர். அவர்களுடைய முதல் ஆல்பத்தை மெர்ஜ் என்ற சிறிய லேபிள் அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியிட்டது. எங்கள் பக்கத்துக்கு அது வர 2005 பிப்ரவரிக் கடைசி ஆகிவிட்டது. இறக்குமதியான ஒன்றிரண்டு பிரதிகள் கடைக்கு வந்த வேகத்தில் போய்விட்டன. ஆல்பத்தின் பெயர் ஃபியூனரல், அதாவது இறுதிச் சடங்கு. பாடல்களைப் பதிவு செய்துகொண்டிருந்த காலத்தில் குழுவினர் வீடுகளில் அடுத்தடுத்துச் சாவு. ஒருவருக்குப் பாட்டி, ஒருவருக்குத் தாத்தா, இன்னொருவருக்கு அத்தை. அதனால்தான் அந்தப் பெயர் என்று அண்ணன் சொன்னார். அவர் அதைச் சொன்ன நேரத்தில், ஊரில் என் அப்பா இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பாட்டுகூடக் கேட்காமல் அந்த ஆல்பத்துக்காகக் காத்திருந்தேன். வயிற்றில் மகள். எட்டுக்கு எட்டு ட்யூட்டி. இதே மாதிரி சாவைப் பார்த்தவர்கள் அதை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பிப்ரவரியில் வந்தது, வாங்கினேன். பத்துப் பாட்டு. ஒப்பாரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் பக்கத்தில் நிற்கிறவரையும் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு கூட்டமாகச் சத்தம் போட்டுப் பாடுகிற பாட்டுகள். நான் பேருந்தின் மேல்தளத்தில் உட்கார்ந்து அழுதேன். போனில் தானாக வந்து விழுந்திருந்தால் எனக்கு அது அந்த அளவுக்குத் தேவைப்பட்டிருக்குமா என்று கட்டுரையாளரைக் கேட்கிறேன்.

அடுத்தது அண்ணனின் கதை. மை ப்ளடி வேலன்டைன் என்ற குழு 1983-ல் டப்ளினில் தொடங்கியது. அவர்களின் லவ்லெஸ் ஆல்பம் 1991 நவம்பர் 4-ல் வந்தது. குழுவின் கிட்டார்காரர் கெவின் ஷீல்ட்ஸ் வாசிக்கும்போதே, கிட்டாரில் சுருதியை வளைப்பதற்கென்று இருக்கும் ட்ரெமலோ என்ற சின்னப் பிடியைக் கையில் பிடித்து அசைத்துக்கொண்டே இருப்பார். அதனால் சுருதி ஒரு இடத்தில் நிற்காமல் வளைந்து வளைந்து போகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை வழிவது மாதிரி ஒரு சத்தம். அந்த ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்ய ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது, பத்தொன்பது ஸ்டூடியோக்கள் மாறினார்கள். அடுத்த ஆல்பம் சீக்கிரம் வரும் என்றார்கள். வரவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்தார்கள். அப்போதும் வரவில்லை. குழு கலைந்தது, 2007-ல் மீண்டும் சேர்ந்தது. அண்ணன் லவ்லெஸ்ஸை வாங்கியபோது கல்யாணம் ஆகாத பையன். 2012-ல் அவர் மகன் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டான்.

2013 ஜனவரி 27-ல் லண்டன் பிரிக்ஸ்டனில் நடந்த நிகழ்ச்சியில், ஆல்பம் இரண்டு மூன்று நாளில் வந்தாலும் வரலாம் என்று ஷீல்ட்ஸ் சொன்னதாகச் செய்தி வந்தது. அண்ணன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “சரி, பார்ப்போம்” என்றார். பிப்ரவரி 2, சனிக்கிழமை. நாங்கள் இருவரும் நைட் ட்யூட்டி. நள்ளிரவை ஒட்டி அவர்களுடைய இணையதளத்தில் ஆல்பம் வந்துவிட்டது என்று தெரிந்தது. ஓய்வறைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பக்கமே வரவில்லை. உலகத்தில் உள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டியதில் தளம் விழுந்துவிட்டது. இருபத்தொரு வருடம் பொறுத்தவர் அன்றைக்கு அரைமணி நேரம் பொறுக்க முடியாமல் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார். நான் மருந்து கொடுக்கப் போய்வரும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டினார். விடியற்காலையில்தான் கிடைத்தது. ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. முதல் பாட்டு முடியும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அதே ஆட்கள்தான்” என்று மட்டும் சொன்னார். ஊரைவிட்டுப் போன தம்பி திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது சொல்வது மாதிரி இருந்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நீங்கள் சொல்லலாம். சரி, இப்போதைக்கு வருகிறேன். காத்திருப்பு குறைந்துவிட்டது என்பதே தவறு. இசைத்தட்டு மீண்டும் விற்கத் தொடங்கியதிலிருந்து அது கூடித்தான் இருக்கிறது. தட்டு அச்சடிக்கப் பெரும்பாலும் முதலில் அரக்குப் பூசிய மூலத்தட்டு ஒன்றில் இசையை வெட்ட வேண்டும். அந்த மூலத்தட்டைச் செய்யும் தொழிற்சாலைகள் உலகத்திலேயே இரண்டுதான் இருந்தன. கலிஃபோர்னியாவில் இருந்த ஒன்று 2020 பிப்ரவரி 6-ல் தீப்பிடித்து எரிந்துபோனது. மிச்சம் இருந்தது ஜப்பானில் உள்ளது மட்டும். பின்னாலேயே கொரோனா வந்தது. பாட்டையெல்லாம் முடித்துவிட்டுத் தட்டுக்காக மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழுக்கள் எத்தனையோ.

சிறிய குழுக்களுக்கு முன்பதிவு என்பது சாப்பாட்டு விஷயம். ஆல்பம் வருவதற்கு முன்பே ஆயிரம் பேர் பணம் கட்டினால் எத்தனை தட்டு அடிக்கலாம், எந்த ஊருக்கு வேன் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவர்கள் கணக்குப் போட முடியும். 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, குழுக்கள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் அன்றைய விற்பனையில் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் விட்டது. கச்சேரி எல்லாம் நின்றுபோன நேரம் அது. அதன் பிறகும் பல வெள்ளிக்கிழமைகளில் அப்படிச் செய்தார்கள். இங்கே நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு குழுவுக்குப் பணம் அனுப்பினேன். காத்திருக்க யாரும் இல்லையென்றால் அந்தப் பணம் எங்கிருந்து போயிருக்கும்?

எங்கள் காலண்டருக்கு வருகிறேன். நேற்று வந்தது யோ லா டெங்கோ. நியூ ஜெர்சி, ஹோபோகன் ஊர்க்காரர்கள், 1984-ல் தொடங்கிய குழு. ஒரு கணவன் மனைவியும் ஒரு நண்பரும் என்று இன்று மூன்றே பேர். இந்த ஆல்பத்துக்கு வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தாங்களே பதிவு செய்திருக்கிறார்கள். முதல் பாட்டே ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது. காலையில் அடுப்பில் சாயா கொதிக்கும்போது போட்டேன். இரண்டாவது தடவை போட்டபோது சாயா ஆறிப்போயிருந்தது.

மார்ச் 31 பாய்ஜீனியஸ். தனித்தனியாகப் பாடிப் பெயர் வாங்கிய மூன்று பெண்கள் சேர்ந்த குழு. 2018-ல் ஆறு பாட்டு மட்டும் தந்தார்கள், முழு ஆல்பம் இதுதான் முதல் தடவை. மார்ச் 13-ல் பிளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது. ஆல்பம் வரும் வெள்ளிக்கிழமையிலும் பரீட்சைக் காலம் முடிந்திருக்காது. அன்றைக்கு இரவு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கேட்பது என்று மகளுக்கும் எனக்கும் ஒப்பந்தம். ஜனவரியிலேயே அவர்கள் மூன்று பாட்டை வெளியில் விட்டுவிட்டார்கள், அதில் எனக்கு வருத்தம். பன்னிரண்டில் மூன்று என்றால் கால்பங்கு. நான் கேட்காமல் இருக்கிறேன். அவள் கேட்டுவிட்டாள், வீட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டும் திரிகிறாள். நான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 28 தி நேஷனல். இதுதான் எனக்கு முக்கியம். ஐந்து பேரில் நான்கு பேர் இரண்டு ஜோடிச் சகோதரர்கள், அதில் ஒரு ஜோடி இரட்டையர். போன ஆல்பம் 2019-ல் வந்தது. அதற்குப் பிறகு பாடகர் மேட் பெர்னிங்கர் மனச்சோர்வில் விழுந்து, ஒரு வருடத்துக்கு மேல் ஒரு வரிகூட எழுத முடியாமல் இருந்திருக்கிறார். குழுவே இத்தோடு முடிந்துவிடுமோ என்று நினைத்த காலமும் உண்டாம். அதைப் போன மாதம் அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும் நோயாளியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முதல் அடிக்காக வார்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஏப்ரல் 28-க்கு நான் காத்திருப்பதும் அப்படித்தான்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. தொண்ணூறுகளில் வடசேரியில் ஒரு கேசட் கடை வாசலில், இன்ன படத்துப் பாட்டு இன்ன தேதி வருகிறது என்று சிலேட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அதைப் பார்க்கவே சுற்றிக்கொண்டு போவோம். தேதி தள்ளிப்போனால் எழுதியதை அழித்துவிட்டுப் புதுத் தேதி போடுவார்கள். அழித்த தேதியும் லேசாகத் தெரியும்.

அந்த மாதிரி ஒரு சிலேட்டைத்தான் உங்கள் பத்திரிகையிடம் கேட்கிறேன். வெள்ளிதோறும் புதுப் படங்களுக்கு அரைப் பக்கம் தருகிறீர்கள். அதன் ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பெட்டி போதும். வரப்போகும் ஆல்பம், குழு, தேதி, வெளியிடுவது யார் என்று நாலு விவரம். சென்னையில் சொந்தமாகப் பாட்டு எழுதி வெளியிடும் தமிழ்க் குழுக்களையும் அதில் சேருங்கள். அவர்களுடைய தேதி எனக்குப் பெரும்பாலும் பாட்டு வந்த பிறகுதான் தெரிகிறது.

ஒரு விவரத்தை மட்டும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மை ப்ளடி வேலன்டைன் 2021 மார்ச்சில் டொமினோ லேபிளில் சேர்ந்தார்கள். புதிதாக இரண்டு ஆல்பங்கள் தயாராகின்றன என்று ஷீல்ட்ஸ் அப்போது சொன்னார். தேதி இன்னும் வரவில்லை. வந்தால் பெட்டியின் முதல் வரியில் போடுங்கள். அண்ணன் ஓய்வு பெற்று டப்ளினில்தான் இருக்கிறார். தமிழ் அவருக்குத் தெரியாது, ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அன்றைக்கே அவருக்கு அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி