ஆண்டறிக்கை 2024–25: ஓடைக்கு விட்ட இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மாம்பலத்திலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் காலையிலேயே புறப்பட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், நம்மை அழைத்து உட்காரவைத்த ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஒன்பது முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நாம் வீடு கட்டிக்கொள்ள மனைகளாகப் பிரிக்கும் நிலத்தில் ஓடும் ஓடையைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன்.

நம் மனை வரைபடத்தின் முதல் வடிவத்தில் ஓடை கிழக்கு எல்லையோரம் ஒதுக்கப்பட்டு, இரண்டு சிமென்ட் சுவர்களுக்கு நடுவே நேர்க்கோடாகப் போனது. அப்படியே விட்டிருந்தால் கூடுதலாக நான்கு மனைகள் கிடைத்திருக்கும். நில அளவைத் துறையின் புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தோம். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் தாழம்புதர் வரிசையைக் கைத்தடியால் காட்டி, "ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் இதுவரைக்கும் ஏறும் ஐயா" என்றார். அந்தப் புதர் வரிசையிலிருந்தே அளந்தோம். அதற்கு அப்பால் இருபுறமும் 15 மீட்டர் வரை வீடு, சுற்றுச்சுவர், கழிவுநீர்த் தொட்டி எதுவும் வராது. மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள். நாம் அதற்கு மேலும் விட்டிருக்கிறோம். அந்த நான்கு மனைகளின் பணத்தை இழக்கச் சம்மதித்த ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மண் கொட்டி நிலத்தை மேடாக்குவதில்லை என்ற தீர்மானத்துக்கு இரண்டு கூட்டங்கள் பிடித்தன. வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் நாம் கொட்டும் ஒவ்வொரு லாரி மண்ணும் பக்கத்து வயலுக்குத் தண்ணீரைத் தள்ளும். நம் ஓடை போய்ச் சேரும் ஏரிகள் அடையாற்றை நிரப்புபவை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கியபோது மொட்டைமாடியில் இரவைக் கழித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் எழுந்து பேசிய பிறகுதான் கூட்டத்தின் மனம் மாறியது. வீடுகள் இயற்கையாகவே மேடாக உள்ள வடபுறத்தில் நெருக்கமாக அமையும்; உயர்த்துவது கடைக்காலை மட்டுமே.

ஓடையைக் கடக்கக் குழாய் பதிக்காமல் தரைப்பாலம் கட்டியதைச் சிலர் குறையாகப் பேசினார்கள். ஃபெங்கல் புயல் நவம்பர் 30 இரவு கரை கடந்தது. மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது செம்மண் நிறத் தண்ணீர் பாலத்தின் மேல் கணுக்கால் அளவுக்கு வழிந்து, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சற்று மேலே, வேறொரு மனைப்பிரிவில் பதித்த குழாயின் வாயில் தென்னை மட்டையும் தெர்மாகோலும் அடைத்துக்கொண்டு, பின்னால் இருந்த நாற்றங்கால் முழுவதும் நீரில் கிடந்தது. அந்த விவசாயி வரப்பில் நின்றபடி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அதே மனைப்பிரிவினர், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாடுகள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. ஜனவரி 26 கிராம சபையில் ஊர்மக்களோடு சேர்ந்து இதை எழுப்பினோம். நீர்நிலை புறம்போக்கு யாருடைய பட்டாவும் அல்ல; அகற்றும்வரை விடப்போவதில்லை.

2022இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. இனி இந்தப் பக்கம் நிலம் வாங்க வருபவர்கள் நம் மனைகளைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முள்கம்பிக்குப் பதில் வேலியாக நட்ட கிளுவைப் போத்துகள் (கிளைத்துண்டுகள்) தெற்கு வரிசையில் துளிர்த்துவிட்டன. மேற்கில் பாதி பட்டுப்போயின, மறுபடி நட வேண்டும். தெருவிளக்குகள் குறைந்த எண்ணிக்கையில் போதும் என்று முடிவாகியிருக்கிறது.

ஆவணி இரண்டாம் ஞாயிறு ஓடைக்கரையில் பனை விதை ஊன்றுகிறோம். கடப்பாரை நம்மிடம் இரண்டுதான் உள்ளது. வைத்திருப்பவர்கள் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்