எக்ஸ்எம்பியையும் சேர்த்து அனுப்பு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய டிரைவ் வந்து சேர்ந்தது. தாத்தா சதாபிஷேகப் படங்கள் 612-ம் இருக்கின்றன. ஆனால் நாம் படம் திருத்தும் மென்பொருளான டார்க்டேபிளில் திறந்தால் எல்லாம் கேமராவிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் நிற்கின்றன. ராத்திரி ராத்திரியாக நீ செய்த எடிட் ஒன்றுகூட வரவில்லை. பதறாதே. வேலை எங்கும் போய்விடவில்லை, உன் லேப்டாப்பிலேயே இருக்கிறது.

டார்க்டேபிள் ரா கோப்பை, அதாவது கேமரா பதிந்த மூலக் கோப்பை, படிக்குமே தவிர, அதில் ஒரு பைட்டைக்கூட மாற்றாது. வெளிச்சம் கூட்டியது, ஓரம் வெட்டியது எல்லாவற்றையும் குறிப்பாக எழுதிவைத்து, படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் குறிப்பின்படி புதிதாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. குறிப்பு இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, உன் கணினியில் டார்க்டேபிளின் அமைப்பு ஃபோல்டருக்குள் இருக்கும் லைப்ரரி.டிபி என்ற தரவுத்தளம். இன்னொன்று, படத்தின் பக்கத்திலேயே இருக்கும் எக்ஸ்எம்பி கோப்பு. டிஎஸ்சி_0412.என்இஎஃப் என்ற ரா படத்துக்கு டிஎஸ்சி_0412.என்இஎஃப்.எக்ஸ்எம்பி. ரா 25, 30 எம்பி என்றால் இது சில கேபிதான். நீ என்இஎஃப்களை மட்டும் நகலெடுத்திருப்பாய், அல்லது எக்ஸ்எம்பி எழுதுவதையே அமைப்பில் நிறுத்தியிருப்பாய்.

ப்ரிஃபரன்ஸஸில் ஸ்டோரேஜ் பக்கம் போய், எக்ஸ்எம்பி உருவாக்கும் இடத்தில் 'ஆஃப்டர் எடிட்' என்று வை. பிறகு லைட்டேபிளில் (படங்கள் வரிசையாகத் தெரியும் பக்கத்தில்) 612 படங்களையும் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டரி ஸ்டேக் பகுதியில் 'ரைட் சைட்கார் ஃபைல்ஸ்' பொத்தானை அழுத்து. அதே பகுதியில்தான் 'டிஸ்கார்ட் ஹிஸ்டரி'யும் இருக்கிறது. அதை அழுத்தினால் தேர்ந்தெடுத்த படங்களின் எடிட் அத்தனையும் போய்விடும். நிதானமாகப் பார்த்து அழுத்து.

இனி ஃபைல் மேனேஜரில் படத்தின் பெயரை மாற்றாதே. 'தாத்தா_01' என்று நீ அங்கே மாற்றினால் டார்க்டேபிளுக்கு அது வேறு படம், பழைய எக்ஸ்எம்பி அநாதையாக நிற்கும். இடம் மாற்றுவதை டார்க்டேபிளுக்குள்ளேயே செய். வெளியே நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் முழு ஃபோல்டராக நகர்த்தி, மறுபடி இம்போர்ட் செய். பக்கத்திலிருக்கும் எக்ஸ்எம்பியை அது தானே படித்துக்கொள்ளும்.

எடிட் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். எதை முதலில் செய்வது என்று இவ்வளவு கவலைப்பட வேண்டாம். எந்த மாட்யூல் (திருத்தும் கருவி) எதற்குப் பின் வேலை செய்யவேண்டும் என்ற வரிசை உள்ளே ஏற்கெனவே வகுக்கப்பட்டது. நீ வெள்ளைச் சமநிலையைக் கடைசியில் தொட்டாலும் அது தன் இடத்தில்தான் இயங்கும். ஆனால் நிறத்தைத் திருத்தும் கலர் கேலிப்ரேஷன் மாட்யூலைப் போட்டிருக்கும்போது வைட் பேலன்ஸ் மாட்யூல் 'கேமரா ரெஃபரன்ஸ்' நிலையில் இருக்கவேண்டும். இரண்டிலும் திருத்தினால் ஒரே நிறத் திருத்தம் இரண்டு முறை விழும். அங்கே எச்சரிக்கை காட்டும், அதை மூடிவிட்டுப் போகாதே.

எக்ஸ்போஷரை முகத்துக்குச் சரியாக வை. அப்போது பின்னணி வெளுத்தால் பயப்படாதே, மேல் வெளிச்சத்தை அடக்குவது ஃபில்மிக் அல்லது சிக்மாய்ட் மாட்யூலின் வேலை. இரண்டில் ஒன்று போதும்.

மண்டபத்தில் டியூப்லைட்டும் உன் ஃபிளாஷும் கலந்ததால்தான் பாட்டியின் அரக்குப் புடவை ஒரு பக்கம் பச்சையடிக்கிறது. ஒரே வெள்ளைச் சமநிலையால் இதைத் தீர்க்கமுடியாது. கலர் கேலிப்ரேஷனை இன்னொரு முறை சேர்த்து, டியூப்லைட் விழும் பகுதிக்கு மட்டும் மாஸ்க் வரைந்து திருத்து. மாஸ்க்கின் ஓரத்தை நன்றாகக் கரைத்துவிடு, இல்லாவிட்டால் கோடு தெரியும்.

எந்த எடிட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாதது ஒன்று உண்டு: சென்சாரில் நிரம்பி வழிந்த வெளிச்சம். உன் கேமரா பதிவது 14 பிட், அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் 16,384 படிகள். ஜேபெக்கில் நிறத்துக்கு 256தான். அந்த 16,384-ல் பாதி, 8,192 படிகள், உச்சியிலுள்ள ஒரே ஸ்டாப்புக்குப் போகின்றன (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு). அதற்கும் மேல் வந்த வெளிச்சம் பதிவாகவே இல்லை. ஹோமத் தீயின் நடுப்பகுதி வழியட்டும், தீ அப்படித்தான் இருக்கும். தாத்தாவின் வெள்ளை வேட்டி வழியக்கூடாது. வழிந்தபின் எக்ஸ்போஷரைக் குறைத்தால் மடிப்பே இல்லாத தட்டையான சாம்பல்தான் கிடைக்கும். ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் பக்கத்து நிறத்தைப் பார்த்து ஊகிக்கும், அவ்வளவுதான். கேமரா திரையில் மின்னும் எச்சரிக்கை ஜேபெக் முன்னோட்டத்தை வைத்துச் சொல்வது. உண்மையில் எது வழிந்தது என்று டார்க்ரூமில் (படத்தைத் திருத்தும் பக்கத்தில்) ரா ஓவர்எக்ஸ்போஸ்டு குறியை அழுத்திப் பார். அதற்காக எல்லாவற்றையும் இருட்டாகவும் எடுக்காதே. மேலிருந்து ஐந்தாவது ஸ்டாப்புக்கு 512 படிகள்தான். வெளிச்சமே குறைவாகப் பதிந்த அந்த இடத்தைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும்.

கலசாபிஷேகத்தின்போது ஒரே இடத்தில் நின்று எடுத்த நாற்பது படங்களையும் தனித்தனியாகத் திருத்தி நேரம் வீணாக்கியிருக்கிறாய். ஒன்றை முடித்து, 'செலக்டிவ் காப்பி' செய்து மற்றவற்றில் ஒட்டு. க்ராப், ரொட்டேட், ரீடச் மூன்றையும் விலக்கிவிடு. க்ராப் போனால் தலைகள் வெட்டுப்படும். ரீடச் போனால் ஒருவர் கன்னத்தில் அழித்த புள்ளி இன்னொருவர் கண்மேல் விழும். கறுப்பு வெள்ளையும் வேண்டுமென்றால் 'டூப்ளிகேட்' போடு. ரா இரட்டிக்காது, இன்னொரு எக்ஸ்எம்பி மட்டும் சேரும்.

ஆல்பத்துக்கு எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக், தரம் 95, தனி ஃபோல்டரில். பிறகு ஏதாவது மாற்றவேண்டும் என்றால் அந்த ஜேபெக்கைத் தொடாதே, ராவிலிருந்தே புதிதாக எடு. ஆல்பத்தின் 36 அங்குல இரட்டைப் பக்க விரிப்பு முழுக்க ஒரே படம் வேண்டாம். உன் 24 மெகாபிக்சல் படம் நீளத்தில் 6,000 புள்ளி, அங்குலத்துக்கு 300 என்றால் 20 அங்குலம்தான் வரும்.

இப்போதைக்கு எக்ஸ்எம்பிகளை மட்டும் ஜிப் செய்து மெயிலில் அனுப்பு. மறுபடி டிரைவ் வேண்டாம், ராக்கள்தான் இங்கே இருக்கின்றனவே. இங்குள்ள பட்டியலிலிருந்து படங்களை 'ரிமூவ்' செய்து, எக்ஸ்எம்பிகளைப் பக்கத்தில் வைத்து, மறுபடி இம்போர்ட் செய்துகொள்கிறேன். நீயும் பட்டியலிலிருந்து எடுக்கும்போது 'ரிமூவ்' மட்டும் அழுத்து. 'டெலீட்' அழுத்தினால் கோப்பே போய்விடும். உன் டார்க்டேபிள் எந்தப் பதிப்பு என்று மெயிலிலேயே எழுது. புதிய பதிப்பில் செய்த எடிட் பழையதில் சரியாகத் திறக்காது. உன்னுடையது புதிதென்றால் இங்கே நான் அந்தப் பதிப்பை ஏற்றிக்கொள்கிறேன். நீ புதிய பதிப்பை ஏற்றுவதாக இருந்தால் முதலில் லைப்ரரி.டிபியை ஒரு நகல் எடுத்து வை, ஒருமுறை மேம்பட்டுவிட்டால் பழைய பதிப்பில் அது திறக்காது.

அன்புடன்,
அம்மா