எரிந்த பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் நைட்ரோ ஆர்.சி. கார்கள், அதாவது நைட்ரோ எரிபொருளில் ஓடும் சின்ன ரிமோட் கார்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்கும் பொழுதுபோக்கு இது. அதைப் பற்றித் தமிழில் எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால், இன்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக் அடிக்கடி போகும், நாலைந்து வாங்கி வைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று அதில் வந்திருந்ததை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பகுதிப் பிள்ளைகளின் நைட்ரோ இன்ஜின்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்து தருகிறேன். "புது பிளக் போட்டேங்ணா, மறுபடியும் போயிருச்சுங்ணா" என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கழற்றிய பழைய பிளக்கைத்தான். பெரும்பாலும் அது குப்பைக்குப் போயிருக்கும். இன்ஜினுக்குள் நடந்ததைச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பைக்கில் இருக்கும் ஸ்பார்க் பிளக்குக்கு ஒவ்வொரு முறையும் மின்சாரம் வந்தாக வேண்டும். குளோ பிளக் அப்படியல்ல. 1947-இல் அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான், சின்ன இன்ஜின்கள் பேட்டரியையும் காயிலையும் சுமந்து திரிவது நின்றது. உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது இக்னைட்டர் என்ற சின்ன பேட்டரிக் கருவியை மாட்டி அதைச் சிவக்கச் சூடாக்குகிறோம். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் இக்னைட்டரைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வினையே சூட்டைத் தருகிறது. பிஸ்டன் கலவையை அழுத்தும்போது வரும் கம்ப்ரஷன் சூடும் சேர்ந்துகொள்கிறது. அதனால் எண்ணெய் (எரிபொருளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), காற்று, சூடு, கம்ப்ரஷன் இவற்றில் எது கெட்டாலும் முதல் அடி அந்தக் கம்பிக்குத்தான்.

கழற்றிய பிளக்கை வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுருள் வடிவம் மாறாமல், பளபளப்பாக, லேசாக எண்ணெய் ஈரத்தோடு இருந்தால் கவலையில்லை. கம்பி பளபளப்பை இழந்து சாம்பல் பூத்த மாதிரி சொரசொரப்பாக இருந்தால் இன்ஜின் லீனாக ஓடியிருக்கிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எண்ணெய் போகவில்லை. சுருள் நசுங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் உள்ளே வெடிப்பு முன்கூட்டியே நடக்கிறது. லீன் ஓட்டம், கூடுதல் கம்ப்ரஷன், இன்ஜின் ஹெட்டுக்குப் பொருந்தாத, எண்ணெயில் உள்ள நைட்ரோ அளவு என்று காரணம் பல. எண்ணெய் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடில் திருகைச் சரிசெய்தும் அது தொடர்ந்தால், கம்ப்ரஷனைக் குறைக்க ஹெட்டுக்கு அடியில் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று கூடுதலாகப் போட்டுப் பார்க்கலாம். கம்பியில் பொடிப்பொடியாக உலோகத் துகள் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். புது இன்ஜின் பழகும் காலத்தில் அது சகஜம். பழகிய இன்ஜினில் அப்படித் தெரிந்தால் பேரிங்கோ கனெக்டிங் ராடோ தேய்ந்து உதிர்கிறது, அதைப் பார்க்காமல் அடுத்த பிளக்கைப் போடவே போடாதீர்கள். சுருளில் ஒரு துண்டே காணவில்லை என்றால் அது எங்கே போனது என்று தேடுங்கள். பிஸ்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள ஸ்லீவுக்கும் நடுவில் சிக்கினால் இன்ஜினே பாழாகிவிடும்.

என்னிடம் வரும் வண்டிகளில் அதிகம் பார்ப்பது லீன் கோளாறுதான். வேகம் கூட வேண்டும் என்று முழு வேகத்துக்கான ஹை ஸ்பீடு நீடிலைத் திருகி உள்ளே இறக்கிக்கொண்டே போகிறார்கள். சத்தம் கூர்மையாகும், வண்டி பறக்கும், புகை நின்றுவிடும். முழு வேகத்திலும் சைலன்சரிலிருந்து மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். அது மறைந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு காரணம் ஊட்டி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. வண்டி எண்ணெய் அடைத்து முக்கும், நீடிலை மூடினால்தான் ஓடும். அங்கே வைத்த செட்டிங்கை மாற்றாமல் கோவையில் வந்து ஓட்டினால் காற்று அதிகம், எண்ணெய் குறைவு. பிளக் போய்விடும். மதிய வெயிலில் ட்யூன் செய்த வண்டியை மார்கழிக் காலையில் எடுப்பவர்களுக்கும் இதேதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, நீடிலைக் கொஞ்சம் திறந்தாக வேண்டும்.

நீடில் சரியாக இருந்தும் லீனாக ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் பிரஷர் டியூப் கழன்றிருக்கிறதா, எண்ணெய் டியூபில் ஊசித்துளை இருக்கிறதா, கார்புரேட்டர் அடியில் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைச் சுற்றி எண்ணெய் குமிழி விட்டால் செம்பு வாஷரை மாற்ற வேண்டும். டர்போ பிளக் என்ற இன்னொரு வகைக்கு வாஷர் கிடையாது, கூம்பு வடிவ அடிப்பாகமே அடைத்துக்கொள்ளும். டர்போ ஹெட்டில் சாதாரண பிளக்கையோ, சாதாரண ஹெட்டில் டர்போவையோ முறுக்கி ஏற்றினால் அலுமினிய மரை போய்விடும்.

இக்னைட்டரையும் சந்தேகப்படுங்கள். சார்ஜ் இறங்கியிருந்தால் நல்ல பிளக்கும் மங்கலாகத்தான் எரியும். மாறாக 1.5 வோல்ட்டுக்கான கம்பியில் மொபைல் பேட்டரியையோ பைக் பேட்டரியையோ நேரடியாக மாட்டினால் அந்த நொடியே தீய்ந்துவிடும். இன்னொன்று: வெளியே வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று சிவந்துவிட்டால் பிளக் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பிளாட்டினத்தின் மேற்பரப்பு கெட்டுப்போயிருந்தாலும் மின்சாரத்தில் அது சிவக்கவே செய்யும். ஐடிலில், அதாவது வண்டி நிற்கும்போது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் இக்னைட்டரைக் கழற்றியதும் தடுமாறி நின்றால், ஐடில் கலவையையும் பாருங்கள், வேறு பிளக்கையும் போட்டுப் பாருங்கள்.

கட்டுரையோடு வந்த படத்தில் எண்ணெய் குடிதண்ணீர் பாட்டிலில் இருந்தது. இதைப் பார்த்ததும்தான் எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்தேன். நைட்ரோ எண்ணெயில் பெரும்பங்கு மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அதே மெத்தனால். சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் போட்டிருப்பதால் குழந்தைகள் சர்பத் என்று நினைக்க இடமுண்டு. அது எரியும்போது சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கையுறை போட்டுத்தான் ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், அந்த எண்ணெயில் எந்தப் பிளக்கும் ஒழுங்காக வேலை செய்யாது. கம்பெனி கேனிலேயே, இறுக மூடி, எழுதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். அந்தப் படத்தைப் பற்றி அடுத்த ஞாயிறே ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.